நாக்கு மாமனாரும் கஞ்சி மருமகளும்

அந்த வீட்டில் எல்லாரையும்விட அதிக மரியாதை ஒரு நாக்குக்குத்தான். மாமனாருடைய நாக்கு. மாமனாருக்கே அதற்கு அடுத்த இடம்தான்.

டீ கம்பெனியில் அவர் டீ டேஸ்டர். நீளமான மேசையில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகளில் டீயை ஊற்றி வைப்பார்கள். இவர் ஒரு கரண்டி எடுத்து, தெருமுனை வரை கேட்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சி, அந்தக் கன்னத்துக்கும் இந்தக் கன்னத்துக்கும் அனுப்பிப் பார்த்து, கண்ணை மூடி யோசித்து, பக்கத்துத் தொட்டியில் புளிச்சென்று துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார். இதற்கு மாதச் சம்பளம், மரியாதை, தனி நாற்காலி. மற்ற யாராவது சாப்பாட்டு மேசையில் இப்படிச் செய்தால் முதுகில் நாலு வைப்பார்கள். எல்லாத்துக்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

வேலையை வேலை இடத்தோடு விட்டுவிட்டு வருகிற ஆளா அவர்? வீட்டிலும் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தகர வாளி உண்டு. பிடித்ததைக் குடிப்பார், அதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் எதுவாக இருந்தாலும் உறிஞ்சல், உருட்டல், தீர்ப்பு, வாளி. இருமல் மருந்துக்கும் அதே மரியாதைதான்.

மருமகள் மாவுச்சத்து ஆராய்ச்சிக்காரி. கல்யாணமான புதிதில் அவர் விசாரித்தார். “நீ என்ன வேலைம்மா பார்க்கிறே?”

“மாவுச்சத்துல ஆராய்ச்சி மாமா. உருளைக்கிழங்கு மாவுச்சத்து.”

“சட்டைக்குப் போடுவாங்களே, அந்தக் கஞ்சியா? அதுக்கா இத்தன வருஷம் படிச்சே?”

அன்றிலிருந்து அவளுக்குக் கஞ்சி என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. தன் செல்போனில் அவர் எண்ணை ‘நாக்கு’ என்று பதிந்து வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், கோபப்படவில்லை. பதவிப் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் வாய்ச் சண்டை இல்லாத நாள் கிடையாது, அது ஒரு மாதிரியான பாசம். நடுவில் அவள் புருஷன் மதில்மேல் பூனை. “அப்பா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்” என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து வேறு தீர்ப்பு வந்ததில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒருநாள் நின்றது. கம்பெனியில் பாதிக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் அப்படியே சரிந்தார். இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. தினமும் மருந்து சாப்பிட்டால் போதும், பயமில்லை என்றார். மாத்திரை கொடுத்தார்கள். முதல் மாத்திரையே தொண்டையில் மாட்டி, மாமனார் கண் பிதுங்கி, முதுகில் குத்தி எடுக்க வேண்டியதாயிற்று. உணவுக்குழாய் கொஞ்சம் குறுகியிருக்கிறது, மாத்திரை ஆகாது, அதே மருந்தைத் தண்ணீராகக் கொடுக்கிறோம் என்றார்கள்.

அந்தத் தண்ணீர் மருந்தின் கசப்பைச் சொல்ல வேண்டுமே! ஒரு சொட்டு நாக்கில் பட்டால் காது வரை கசக்கும். மாமனார் ஒழுங்காக அளந்து வாயில் ஊற்றிக்கொள்வதை வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள். அதற்கப்புறம் அவர் வாளிப் பக்கம் திரும்புவதை ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்த பரிசோதனையில் குட்டு உடைந்தது. டாக்டரம்மா கேட்டார். “ரத்தத்துல மருந்தே இல்லையே ஐயா? தினமும் குடிக்கிறீங்களா?”

“வாயில ஊத்திக்கிறேன்மா. பொய் சொல்ல மாட்டேன்.”

“ஊத்திக்கிட்டு?”

“அப்புறம் நடக்கிறது எனக்கும் என் வாய்க்கும் உள்ள விஷயம்.”

டாக்டரம்மா மருமகளைத் தனியே அழைத்தார். இப்போதைக்கு ஊசி போட்டு ஓட்டலாம், ரொம்ப நாள் அப்படி ஓட்ட முடியாது. “இன்னொரு தடவை விழுந்தா எழுந்திருப்பார்னு என்னால சொல்ல முடியாதும்மா” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். “சின்னக் குழந்தையா மாமா நீங்க? ஒரு வாய் கசப்பு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்க முடியாதா?”

“கசப்புக்கா பயப்படுறேன்? முதல் நாள் முழுங்கினேன், சாயங்காலம் வரைக்கும் நாக்கு மரத்துக் கிடந்துச்சு. எந்த டீயும் ஒண்ணுதான், வெந்நீரும் ஒண்ணுதான். நாக்கு செத்துப்போச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு இருக்கணும், சொல்லு.”

“உயிர் இருந்தாத்தானே மாமா நாக்கு?”

“உனக்கு அப்படி. எனக்கு நாக்கு இருந்தாத்தான் உயிர்.”

புருஷன் இரண்டு பேரையும் பார்த்து வாயைத் திறந்தான். “நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், தெரியும்” என்றாள் அவள். அவன் மூடிக்கொண்டான்.

அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் வைட்டமினையும் மீன் எண்ணெயையும் மாவுச்சத்து உருண்டைக்குள் ஒளித்துவைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. உருண்டை என்றால் கையில் பிடிக்கிற உருண்டை இல்லை. ஒரு தலைமுடியை நீளவாக்கில் நூறாகப் பிளந்தாலும், அந்தத் துண்டு இதைவிடத் தடிமனாக இருக்கும். நானோ துகள் என்பார்கள். சத்தும் கெடாது, நாற்றமும் வெளியே தெரியாது. மீன் எண்ணெயின் நாற்றத்தையே மூடி மறைக்கிறவர்களுக்கு ஒரு மருந்தின் கசப்பு எம்மாத்திரம்? இந்த இதய மருந்தை எடுத்துக்கொள்ளலாம் என்று தலைவரிடம் போய் நின்றாள்.

தலைவருக்கு ஆய்வுக்கூடத்தில் அவசரம் என்று பெயர். நடக்கும்போதே சாப்பிடுவார், சாப்பிடும்போதே கூட்டம் நடத்துவார். “நல்ல யோசனைம்மா, மாத்திரை முழுங்க முடியாதவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, ஆரம்பி, நாளைக்கு முடிஞ்சிடுமா?” என்றார் ஒரே மூச்சில்.

நாளைக்கு எங்கே முடிவது! உருளைக்கிழங்கு மாவுச்சத்தை வெந்நீரில் கரைத்து, மருந்தைக் கலந்து, ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மாவுச்சத்துக்குத் தண்ணீர் என்றால் உயிர், ஆல்கஹால் என்றால் ஆகவே ஆகாது. அது வந்தவுடன் பயந்து சுருண்டு குட்டி குட்டி உருண்டையாகிவிடும். சுருளும்போது பக்கத்தில் நிற்கிற மருந்தையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் வேகமாக ஊற்றினால் மொத்தமும் சுவரொட்டி ஒட்டுகிற பசை. சூடு கூடினால் பசை. குறைந்தால் கட்டி. வெண்ணெய் திரண்டு வரும்போதெல்லாம் தாழி உடைந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் மாமனார், “என்ன கஞ்சி, இன்னிக்கும் பசையா?” என்பார். ஊசி போட்டுப் போட்டு அவர் கை நீலம் பாரித்திருப்பதைப் பார்க்கும்போது அவளுக்குப் பதிலுக்குக் கிண்டல் வராது.

மாதக்கணக்கில் மல்லுக்கட்டி ஒருவழியாக உருண்டை உருண்டையாக நின்றது. கண்ணாடிக் குடுவையில் அமிலம் ஊற்றி ஒரு வயிறு வைத்திருந்தார்கள், அடுத்த குடுவையில் குடல். வயிற்றில் உருண்டை அசையவில்லை. குடலுக்குப் போனதும் சமத்தாக அவிழ்ந்து மருந்தை விட்டது. முறைப்படி பார்த்தால் வயிற்றுக்கு முன்னால் வாய் என்று ஒரு குடுவை வைத்திருக்க வேண்டும்.

“வாய்ல மருந்து எவ்வளவு நேரம்மா நிக்கப் போகுது? ஊத்தினா உள்ள போயிடும். வாயை விடு, வயித்துக்குப் போ” என்றார் அவசரம்.

இவளும் சரி என்றாள். உலகத்தில் வேறு யார் சரி என்றாலும் மன்னிக்கலாம். அந்த வாய் இருக்கிற வீட்டில் குடியிருந்துகொண்டு இவள் சரி என்றாள்!

அனுமதி, கையெழுத்து எல்லாம் முடிந்தது. முதலில் ஆய்வுக்கூடத்து ஆட்கள் மளமளவென்று ஒரே மடக்கில் குடித்துப் பார்த்தார்கள். கசப்பே இல்லை. கைதட்டினார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் ஆள் சேர்த்தபோது டாக்டரம்மாவே மாமனார் பெயரை முதலில் எழுதினார்.

“கசக்காதுன்னு சத்தியமாச் சொல்றியா?” என்று கிளம்பும்போது கேட்டார் மாமனார்.

“சத்தியமா மாமா.”

ஆஸ்பத்திரி அறையில் டாக்டரம்மா, நர்ஸ், மருமகள். வரலாறு நடக்கப்போகிறதென்று அவசரமும் மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். நர்ஸ் கோப்பையை நீட்டினார். மாமனார் சட்டைப் பையிலிருந்து தன் சொந்தக் கரண்டியை எடுத்தார். அப்போதாவது மருமகளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சர்ரென்று உறிஞ்சினார். வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். “ம்ம்… உருளைக்கிழங்கு” என்றார், வாயைத் திறக்காமலே.

“பிரமாதம்!” என்றார் அவசரம், இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து.

அந்தக் கன்னம். இந்தக் கன்னம். மறுபடி அந்தக் கன்னம். மாமனாரின் புருவம் மெல்ல ஏறியது. காது சிவந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. சுற்றுமுற்றும் வாளியைத் தேடினார். வாளி இல்லை. எதிரே அகலமாக, வெள்ளையாக ஒன்று இருந்தது. அதில் துப்பினார்.

கஞ்சி போட்ட சட்டைமேல் இன்னொரு கஞ்சி வழிந்தது. நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவசரம் வாழ்க்கையில் முதல் தடவையாக அசையாமல் நின்றார்.

திரும்பி வந்ததும் மாமனார் வீட்டு வாசலில் நின்று சொன்னார். “நீ சொன்னேங்கிறதுக்காக வாயைத் திறந்தேன். நாலு பேர் முன்னால என்னைச் சோதனை எலியாக்கிட்டே. இனிமே அந்தக் கிண்ணத்தோட என் பக்கம் வராதே.”

கிண்டல் இல்லாத குரல். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

அன்றிலிருந்து அவர் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். எதிரே உட்கார்ந்துகொண்டே, “உன் பொண்டாட்டிகிட்ட உப்பைத் தள்ளச் சொல்லு” என்பார் மகனிடம். அவளும் வீம்புக்காரிதான். “உங்கப்பாகிட்ட உப்பு அவர் கைக்குப் பக்கத்துலயே இருக்குன்னு சொல்லுங்க” என்பாள். புருஷன் தபால்காரன் ஆனான்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஆத்திரத்தோடு காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, விழுங்க மனசில்லாமல் மென்றுகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ரொட்டி தித்தித்தது. மெல்வதை நிறுத்தினாள்.

அட மடச்சி! ஆறாம் வகுப்புப் பாடமாயிற்றே! எச்சில் பட்டால் மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகும். மாவுச்சத்தில் கதவு செய்து கசப்பைப் பூட்டி, சாவியை வாசலிலேயே வைத்த கதை. ஒரே மடக்கில் விழுங்குகிறவன் வாயில் எச்சிலுக்கு நேரமில்லை. மாமனார் வாயிலோ மருந்து குடித்தனம் நடத்தியிருக்கிறது. அத்தனை பட்டம் வாங்கியும் வாய் என்று ஒன்று இருப்பதை மறந்தவளை என்ன சொல்ல? தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

“உங்கப்பாவோட எச்சில் வேணும்” என்றாள் புருஷனிடம்.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். “என்னடி இது, சண்டைன்னா ஒரு அளவு இல்லையா?”

“மந்திரம் வைக்க இல்ல. சோதனைக்கு. போய்க் கேளுங்க.”

தபால்காரன் ஒரு சின்னப் புட்டியோடு போய், இரண்டு அடி வாங்காத குறையாகத் திரும்பி வந்தான். ஆனால் புட்டி நிறைந்திருந்தது. “இதுக்காவது மதிப்பு இருக்கேன்னு சொல்லச் சொன்னார்” என்றான்.

ஆய்வுக்கூடத்தில் அன்று எல்லாரும் வரிசையில் நின்று துப்பினார்கள். அவசரமும்தான். அவர் எச்சில்தான் இருப்பதிலேயே மந்தம், ஊர் சிரித்தது. மாமனாருடையதோ உருண்டை உள்ளே விழுந்ததும் கத்தரிக்கோல் மாதிரி வெட்டித் தள்ளியது. கூட இருந்தவர்களுடையதைவிட இரண்டு மடங்கு வேகம். எச்சிலின் வீரியம் ஆளுக்கு ஆள் மாறும் என்று அவள் படித்திருக்கிறாள். தன் வீட்டுக் கூரைக்குக் கீழேயே சாம்பியன் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கவில்லை.

ஆனால் அந்தக் கத்தரிக்கோலுக்கும் ஒரு பயம் உண்டு. புளிப்பு. புளிப்பில் எச்சிலின் கை ஓயும். உருண்டைகளை எலுமிச்சைச் சாற்றில் விட்டுப் பார்த்தாள். சும்மா பெயருக்குப் புளித்தால் மாமனார் எச்சில் அசரவில்லை. கண்ணைச் சுருக்க வைக்கிற புளிப்பு வேண்டியிருந்தது. அதில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. தானே ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, மாமனாரைப் போலவே அந்தக் கன்னம் இந்தக் கன்னம் என்று உருட்டிப் பார்த்தாள். கசப்பு வரவே இல்லை. டாக்டரம்மா பார்த்துச் சரி என்றார், வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கவும் சம்மதித்தார்.

ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது? மருந்து என்று சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். அவள் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, மேசையைத் துடைத்து, கம்பெனியில் வைக்கிற மாதிரியே மூன்று வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்தாள். பக்கத்தில் அவர் கரண்டி. கீழே அவர் வாளி. எல்லாம் முறையாக.

“மாமா, மருந்து குடிக்கச் சொல்லல” என்றாள் நேராகவே, தபால்காரனை விட்டுவிட்டு. “மூணு கோப்பை இருக்கு. எது எப்படின்னு எனக்குத் தீர்ப்பு வேணும். உங்களை விட்டா இதைச் சொல்ல ஆள் கிடையாது.”

புகழ்ச்சிக்கு மயங்காத நாக்கு எது? மாமனார் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு எழுந்து போய், கம்பெனி ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்தார்.

முதல் கோப்பை. உறிஞ்சினார், உருட்டினார். “வெறும் எலுமிச்சை.” வாளி.

இரண்டாவது. “எலுமிச்சை, உருளைக்கிழங்கு. உள்ள ஒண்ணும் இல்ல.” வாளி. சரியாகச் சொன்னார். அது மருந்தில்லாத வெறும் உருண்டை.

மூன்றாவது. அந்தக் கன்னம். இந்தக் கன்னம். கண்ணை மூடினார். புருவம் ஏறுகிறதா? இல்லை. காது சிவக்கிறதா? இல்லை. அவர் வேண்டுமென்றே இன்னும் இரண்டு சுற்று உருட்டிக் குற்றம் தேடினார். கண்ணைத் திறந்தார். தலையை மெல்ல ஆட்டினார்.

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. புருஷன் கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

மாமனார் குனிந்தார். புளிச். வாளி.

“சுத்தம்” என்றார் நிமிர்ந்து. “கசப்பு இல்ல. ஜெயிச்சிட்டே கஞ்சி.”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாய்க்கு எட்டியது வயிற்றுக்கு எட்டவில்லை. தீர்ப்புக் கேட்டவளும் அவளே, வாளியை வைத்தவளும் அவளே. டேஸ்டரைக் கூப்பிட்டால் டேஸ்டர் துப்பத்தானே செய்வார்? அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“என்னாச்சு? நல்லாத்தானே இருக்குன்னு சொன்னேன்?” மாமனார் பதறினார்.

“நல்லா இருந்து என்ன மாமா? துப்பிட்டீங்களே! நீங்க செத்துப் போயிடுவீங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு மாமா. தினமும் பயமா இருக்கு. வீட்டுலேர்ந்து போன் வந்தாலே உசுரு போகுது. எனக்கு உங்க தீர்ப்பு வேணாம். முழுங்குங்க.”

புருஷன் முதல் தடவையாக ஒரு பக்கம் சாய்ந்தான். “முழுங்குங்கப்பா” என்றான்.

மாமனார் கரண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றார். “இத்தன வருஷமாத் துப்பியே பழகின வாய்ம்மா. எதுக்குத் துப்புறோம்? அடுத்த கோப்பைக்கு வாய் சுத்தமா இருக்கணும், அதுக்குத்தான்.”

“இதை முழுங்கலைன்னா அடுத்த கோப்பையே கிடையாது மாமா.”

அவர் அவளைப் பார்த்தார். மூன்றாவது கோப்பையைப் பார்த்தார். ஒரு கரண்டிதான் எடுத்திருந்தார், மீதி அப்படியே இருந்தது. கரண்டியைக் கீழே வைத்தார். கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து, உறிஞ்சாமல், உருட்டாமல், மடக் மடக்கென்று குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை இரண்டு பேரும் பார்த்தார்கள். காலிக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

காட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்தார். முகத்தில் இப்போது வீம்பு இல்லை, பயம்தான் இருந்தது. நாக்கை மேலண்ணத்தில் தடவித் தடவிப் பார்த்தார்.

“ஒரு டீ கொண்டாங்க” என்றார் மெல்ல. “இருக்கா போச்சான்னு பார்க்கணும்.”

புருஷன் ஓடிப்போய் ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தான். மாமனார் கரண்டியில் எடுத்தார். சர்ரென்று உறிஞ்சினார். உருட்டினார். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

“தூள் பழசு” என்றார் மாமனார். “தண்ணி சரியாக் கொதிக்கல. பால் பாத்திரத்தைக் கழுவாம வச்சிருக்கு. போட்டவன் என் புள்ளை.”

துப்பவில்லை. அந்தக் கேவலமான டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். குடித்துவிட்டு ஏப்ரனாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கஞ்சி” என்றார். “நாளைக்குப் புளிப்பைக் கொஞ்சம் குறை. பல்லு கூசுது.”

“குறைச்சா கசக்கும் மாமா. குறைக்க முடியாது.”

“அப்போ உன்னைத் திட்டிக்கிட்டேதான் குடிப்பேன்.”

“திட்டுங்க மாமா” என்றாள் மருமகள், வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்துவிட்டு வந்து. “தினமும் திட்டுங்க.”